நாம் தேடிப் போகாத பிள்ளைகள்

கொரோனாவால் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடங்கள் 2020 மார்ச் 17 அன்று மூடப்பட்டன. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் மறுபடி வகுப்பறைக்குள் நுழைந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. நடுவில் ஏறக்குறைய இருபது மாதம். அதற்குள் என்னென்ன திறந்தன என்று நினைத்துப் பார்த்தால் நமக்கே கூச்சமாக இருக்கும். மதுக்கடை 2020 மே மாதமே திறந்துவிட்டது. செப்டம்பர் 1 அன்று கோயில்கள் திறந்தன, பஸ் ஓடியது. நவம்பர் 10 அன்று, தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது, சினிமா தியேட்டர் திறந்தது. ஜவுளிக்கடையில் கால் வைக்க இடமில்லை. இதில் எதையும் தப்பென்று சொல்ல வரவில்லை. பிழைப்பு ஓட வேண்டும், மனசும் கொஞ்சம் ஆற வேண்டும். ஆனால் அவை ஒவ்வொன்றையும் திறக்கச் சொல்லிக் கேட்க ஆள் இருந்தது. ஊர்க்கோடியில் இருக்கிற ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்காகக் கேட்க ஆள் இல்லை. கேட்டிருக்க வேண்டியவர்கள் நாம்தான்.

"ஒண்ணாங்கிளாஸ்தானே, அப்புறம் பாத்துக்கலாம்." அன்றைக்கு வீட்டுக்கு வீடு இந்தப் பேச்சுதான். பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கிற பிள்ளை இருந்த வீடுகளில் பதற்றம் இருந்தது. கடன் வாங்கியாவது போன் வாங்கினார்கள். ஒன்பதாம் வகுப்பு முதல் பள்ளியைத் திறக்கலாமா என்று 2020 நவம்பர் 9 அன்று பெற்றோரைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார்கள். போய்ச் சொல்லிவிட்டு வந்தோம். சின்னப் பிள்ளைகளைப் பற்றி ஏன் கேட்கவில்லை என்று அங்கே எழுந்து கேட்டவர் எத்தனை பேர்? 2021 ஜனவரி 19 அன்று பத்தும் பன்னிரண்டும் திறந்தன, பிப்ரவரி 8 அன்று ஒன்பதும் பதினொன்றும். மார்க் வாங்குகிற வகுப்புகள் முன்னால் போக, 'அ' எழுதப் பழகுகிற வகுப்பு வரிசையின் கடைசியில் நின்றது. தானாகப் புத்தகத்தைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு முதலிடம். கையைப் பிடித்து எழுதவைக்க வேண்டியவர்களுக்குக் கடைசி இடம். டென்மார்க்கில் 2020 ஏப்ரல் நடுவிலேயே சின்னப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் பள்ளியைத் திறந்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் தலைமை இயக்குநராக இருந்த பல்ராம் பார்கவா, தொடக்கப் பள்ளிகளை முதலில் திறப்பதே சரியாக இருக்கும் என்று 2021 ஜூலையில் சொன்னார். இதெல்லாம் பேப்பரில் வந்தது. படித்தோம், அடுத்த பக்கம் புரட்டினோம். பரீட்சை இல்லாத பிள்ளைக்கு அவசரமும் இல்லை என்று நம் மனசுக்குள் ஒரு கணக்கு முன்னமே போட்டு வைத்திருந்தோம்.

அந்த இருபது மாதத்தில் ஒருநாள் பள்ளிக்கூடம் திறந்தது, நமக்காக. 2021 ஏப்ரல் 6, சட்டமன்றத் தேர்தல். வாசலில் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார்கள், கைக்குப் பிளாஸ்டிக் உறை கொடுத்தார்கள், இடைவெளி விட்டு நிற்க வட்டம் போட்டிருந்தார்கள். ஒரு வருஷத்துக்கு மேலாகப் பிள்ளைகள் நுழையாத வகுப்பறைக்குள் ஒவ்வொருவராகப் போனோம். குட்டி மேசைகளையும் நாற்காலிகளையும் ஒரு மூலையில் அடுக்கியிருந்தார்கள். பிள்ளைகளின் உயரத்துக்குச் சுவரைச் சுற்றி அடித்திருந்த கரும்பலகைப் பட்டையில் தூசி படிந்திருந்தது. நம் இடுப்புக்குக் கீழே இருந்ததால் அது கண்ணில் படவில்லையோ என்னவோ. விரலில் மை வைத்துக்கொண்டு வெளியே வந்து செல்ஃபி எடுத்தோம். இத்தனை ஏற்பாட்டோடு நமக்குத் திறக்க முடிந்த அறையைப் பிள்ளைகளுக்குப் பத்துப் பத்துப் பேராகவாவது திறக்க முடியாதா என்று வரிசையில் நின்ற யாருக்கும் தோன்றவில்லை. அதற்கு முந்தைய மூன்று வாரமும் ஓட்டுக் கேட்டு வீடு வீடாக வந்தார்கள். ரோடு கேட்டோம், குழாய் கேட்டோம், பட்டா கேட்டோம்.

அடுத்த மாதம் இரண்டாம் அலை உச்சத்தைத் தொட்டது. தெருவுக்குத் தெரு சாவு விழுந்தது. அந்த மே மாதத்தில் பள்ளியைத் திறந்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பயம் பொய்யில்லை. ஆனால் கேட் பூட்டியிருந்த நாளில்கூட, கேட்டுக்கு வெளியே அந்தப் பிள்ளைகள் நம் தெருவில்தான் இருந்தார்கள். அவர்களோடும் அவர்களுடைய டீச்சரோடும் நாம் வைத்திருந்த தொடர்பு எப்படி இருந்தது என்பதைத்தான் இங்கே பேச வேண்டும்.

தொடர்பு என்று நாம் நம்பியது வாட்ஸ்அப் குரூப்பை. மூன்றாம் வகுப்புக்கு ஒரு குரூப், நாலாம் வகுப்புக்கு ஒரு குரூப். டீச்சர் காலையில் ஒரு வீடியோ போடுவார், ஒரு பக்கம் எழுதிப் போட்டோ அனுப்பச் சொல்வார். போன் அப்பாவிடம் இருக்கும், அப்பா வேலைக்குப் போயிருப்பார். ராத்திரி ஒன்பது மணிக்கு அவர் வந்து சட்டைப்பையிலிருந்து போனை எடுக்கும்போது பிள்ளை தூங்கியிருக்கும். நெட் பேக் தீர்ந்திருக்கும், அல்லது தீர்ந்துவிடுமோ என்று வீடியோவைத் திறக்காமலே விட்டிருப்போம். கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்புவோம். குரூப்பில் இருபது கட்டைவிரல் விழுந்தால் டீச்சருக்கும் ஒரு நிம்மதி, நமக்கும் ஒரு நிம்மதி. வீட்டுப்பாடத்தை அக்கா எழுதிக் கொடுத்தாள், சில வீட்டில் அம்மாவே எழுதினாள். டச் போன் இல்லாத வீடு குரூப்பிலேயே இல்லை. பட்டன் போன் வைத்திருந்த வீட்டுக்கு யாராவது ஒருத்தர் விஷயத்தைப் போய்ச் சொல்ல வேண்டும். அடுத்த வீடுதான், நாலு எட்டு நடை. நாம் போகவில்லை.

கல்வித் தொலைக்காட்சி இருந்தது. 2019 ஆகஸ்டில் தொடங்கியது, ஊரடங்கில் பாடங்களை நேரம் பிரித்து ஒளிபரப்பினார்கள். இன்ன வகுப்புக்கு இன்ன நேரம் என்று அட்டவணை வந்தது. அந்த அரைமணி நேரத்துக்குப் பிள்ளைக்கு டிவியை விட்டுக்கொடுத்தோமா, பக்கத்தில் உட்கார்ந்தோமா என்று அவரவர் வீட்டை நினைத்துக்கொண்டு பதில் சொல்லலாம். ஏழு வயதுப் பிள்ளை டிவியைப் பார்த்துத் தனியாகக் கழித்தல் கணக்குப் படித்துக்கொள்ளும் என்று நம்பியது வசதியான நம்பிக்கை.

பொருளாதார அறிஞர்கள் ழான் திரேஸ், ரீதிகா கேரா ஆகியோர் இருந்த குழு ஒன்று, 2021 ஆகஸ்டில் 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் எளிய வீட்டுப் பிள்ளைகள் ஏறக்குறைய 1,400 பேரைப் பார்த்துப் பேசியது. கிராமங்களில் ஆன்லைனில் ஒழுங்காகப் படித்தவர்கள் நூற்றுக்கு 8 பேர். அறவே படிக்காதவர்கள் நூற்றுக்கு 37 பேர். இந்த எண்கள் வெளிவந்தபோது நம்மில் பலர் அதையும் அதே வாட்ஸ்அப்பில் வருத்தத்தோடு ஃபார்வர்டு செய்தோம். அந்த 37 பேரில் நம் தெருப் பிள்ளை யார் என்று எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

பழைய ஏற்பாடு ஒன்று நம் ஊர்ப் பள்ளிகளில் உண்டு. காலையில் வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிடும்போது ஒரு பிள்ளை வரவில்லை என்றால், டீச்சர் அஞ்சாம் வகுப்பிலிருந்து இரண்டு பேரை அனுப்புவார். "டேய், அவன் ஏன் வரலேன்னு பாத்துட்டு வாங்கடா." இரண்டு பேரும் ஓடுவார்கள். வழியில் கடைக்காரர் கேட்பார், யாரைத் தேடிப் போறீங்க என்று. களத்துமேட்டில் ஒரு பாட்டி சொல்லும், அவன் ஆயா கூட காட்டுக்குப் போயிட்டான் என்று. பத்து நிமிஷத்தில் அந்தப் பிள்ளை எங்கே என்று பாதி ஊருக்குத் தெரிந்துவிடும். பெரும்பாலும் பிள்ளையையும் கையோடு பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். காய்ச்சல் என்றால் அந்தச் செய்தி வரும். வீட்டில் அடிதடி என்றால் அதுவும் வரும். செருப்பு தேய அலைந்த அந்த இரண்டு பிள்ளைகள்தான் பள்ளிக்கும் ஊருக்கும் நடுவில் இருந்த இணைப்பு. வகுப்பறையில் ஒரு இடம் காலியாக இருந்தால் பளிச்சென்று தெரியும். வாட்ஸ்அப் குரூப்பில் பேசாமல் இருப்பவர் யார் என்று தெரிவதில்லை. ஒரு மாதம் பதில் இல்லாவிட்டாலும் அந்தப் பெயர் அங்கேயே இருக்கும், எல்லாரும் இருப்பது போலவே இருக்கும். போனை நம்பிய நாம், போன் வருவதற்கு முன்னால் நம்மிடம் என்ன இருந்தது என்பதை மறந்துவிட்டோம்.

பள்ளி வாசலில் பெரியவர்களுக்கும் ஒரு கூட்டம் இருந்தது. மூன்றரை மணிக்கு மேல் பேரன் பேத்தியைக் கூட்டிப்போக வருகிற பாட்டிகள், நெல்லிக்காயும் மாங்காய்க் கீற்றும் விற்கிற அம்மா, வண்டியை ஓரமாக நிறுத்தி நிற்கிற அப்பாக்கள். மணி அடிப்பதற்கு முந்தைய அந்தக் கால்மணி நேரத்தில் எந்தப் பிள்ளைக்குப் பல் விழுந்தது, எந்த வீட்டில் பிரசவம், யார் வெளியூர் வேலைக்குப் போனார்கள் என்று எல்லாம் பேசித் தீரும். அது நின்றபோது, யாருடைய பிள்ளை என்ன ஆனது என்கிற விசாரிப்பும் நின்றது. ஆடு மேய்க்கப் போன பையனைப் பார்த்தோம். செங்கல் சூளைக்கு அப்பா அம்மாவோடு போய்விட்ட பிள்ளைகளை அறிவோம். அம்மா நூறு நாள் வேலைக்குப் போக, இடுப்பில் தம்பியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்ற எட்டு வயதுப் பெண்ணைத் தினமும் கடந்து போனோம். "பள்ளிக்கூடம்தான் இல்லையே" என்று நமக்கு நாமே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டோம். வேலை பழகட்டும் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். சொன்னவர்களை யாரும் மறுக்கவில்லை.

இனி ஆசிரியர்கள் விஷயம். டீக்கடையில் அந்த நாட்களில் சுலபமாகக் கைதட்டல் வாங்கித் தந்த பேச்சு ஒன்று உண்டு: "வீட்ல உக்காந்தே சம்பளம்." சொன்னோம், சிரித்தோம். உட்கார்ந்திருந்தவர்களும் இருக்கத்தான் செய்தார்கள். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மொபெட்டில் புத்தகமும் பயிற்சித்தாளும் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக வந்த டீச்சர்களையும் நாம் பார்த்தோம். வந்தவருக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போட்டோமா? நாளைக்கும் வாங்க, பிள்ளைகளைச் சேர்த்து வைக்கிறோம் என்று சொன்னோமா? "இப்ப எதுக்கு டீச்சர் வந்துக்கிட்டு, கொரோனா பரவும்" என்று திண்ணையிலிருந்தே சொல்லி அனுப்பிய வீடுகள் உண்டு. அதே வீட்டில் அடுத்த வாரம் காது குத்து நடந்தது, நூறு பேர் சாப்பிட்டோம்.

சில ஊர்களில் டீச்சர்கள் ஒரு பொது இடம் கேட்டார்கள். கோயில் மண்டபம், சமுதாயக் கூடம், ஒரு பெரிய வேப்பமரத்தடி. காலையில் ஒரு மணி நேரம் போதும் என்றார்கள். அப்போது ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்பார்: "எல்லாத் தெருப் பிள்ளைங்களும் வருமா?" அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று கேட்டவருக்குத் தெரியும், டீச்சருக்குத் தெரியும், பக்கத்தில் நின்ற நமக்கும் தெரியும். நாம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஊர்த்தெருப் பிள்ளையும் காலனிப் பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்து, ஒரே பானைத் தண்ணீர் குடித்து, ஒரே வரிசையில் தட்டேந்தி நின்ற இடம் அந்தப் பள்ளிக்கூடம். அங்கேயும் குறைகள் இருந்தன, அதையும் நாம் அறிவோம். ஆனாலும் ஊரில் அப்படி இருந்தது அந்த ஒரு இடம்தான். அது பூட்டியதும் பிள்ளைகள் அவரவர் தெருவுக்குத் திரும்பினார்கள். தெருவும் தெருவும் பேசாத ஊரில் பிள்ளைகளுக்குள் தொடர்பு எப்படி இருக்கும்? பள்ளி திறந்த அன்று, முன்பு தோள்மேல் கைபோட்டுத் திரிந்த இரண்டு பிள்ளைகள் கூச்சப்பட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள் என்று டீச்சர்கள் சொன்னார்கள். இருபது மாதத்தில் நாம் சொல்லிக் கொடுத்த பாடம் அது.

சோற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது ஊர்மக்கள் தந்த நன்கொடையும் அதில் சேர்ந்திருந்தது. 1950களின் கடைசியில் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராக இருந்த காலத்தில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. மனை, பெஞ்சு, கடிகாரம், கரும்பலகை என்று இருந்ததைக் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் வசதியானவர்கள் மட்டுமில்லை. ஒருவேளைக் கஞ்சிக்கு வழியில்லாத காலத்தில் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்து உலை வைத்தவர்கள் நம் தாத்தா பாட்டிகள். பள்ளி மூடியபோது சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் வீட்டுக்குக் கொடுத்தார்கள். அது வீட்டுப் பானையில் விழுந்து ஆறு பேருக்குப் பங்கானது. பிள்ளை தினமும் பள்ளியில் சாப்பிட்ட முட்டை அந்த மாதிரி அதன் தட்டுக்கு வந்து சேரவில்லை. சமையல் பாத்திரம் பள்ளியில் இருந்தது, சமைத்துப் பழகிய அம்மா அதே தெருவில் இருந்தார், பசித்த பிள்ளைகளும் அதே தெருவில் இருந்தார்கள். ஊரடங்கில் வெளியூர்க்காரர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்து முகநூலில் படம் போட்ட நாம், நம் பள்ளிக்கூடத்து அறுபது பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு நாளாவது முட்டை அவித்துக் கொடுக்கலாம் என்று யோசிக்கவில்லை. நல்ல மனசு இல்லாமல் இல்லை. பக்கத்தில் இருப்பது கண்ணில் படவில்லை.

தனியார் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருந்தவர்களும் இந்தக் கணக்கில் உண்டு. இதை வாசிக்கிற பலர், எழுதுகிற நானும், அந்தப் பக்கம்தான். நம் பிள்ளைக்கு மேசை, ஹெட்போன், ஜூம் வகுப்பு. ஃபீஸ் கட்ட முடியாமல் போன வருஷத்தில் லட்சக்கணக்கான பிள்ளைகள் அரசுப் பள்ளிக்கு மாறினார்கள். அப்போது அரசுப் பள்ளி நன்றாகத்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்தோம். வருமானம் சீரானதும் பலர் பிள்ளையைத் திரும்ப வேனில் ஏற்றினோம். குடை கொடுத்த வீட்டுக்கு மழை விட்டதும் சொல்லாமல் கிளம்பின மாதிரி.

விளைவு என்ன என்று ஒரு எண்ணை மட்டும் சொல்கிறேன். தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள், பிள்ளைகளின் கல்வி நிலையை அளக்கிற அசர் ஆய்வுப்படி, 2018இல் நூற்றுக்குப் பத்துப் பேர். 2022இல் ஐந்து பேர்கூட இல்லை. பாதியாகக் குறைந்துவிட்டதே என்று பதறுவது நியாயம். ஆனால் 2018இல் பத்துப் பேர்தான் என்பதற்கு எந்த நோய்த்தொற்றைக் குற்றம் சொல்வது? அந்தத் தொண்ணூறு பேரையும் நாம் முன்பே பார்க்காமல் விட்டிருந்தோம். கொரோனா வந்து நம் பழக்கத்துக்கு ஒரு காரணம் கொடுத்தது, அவ்வளவுதான்.

2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியது. ஏறக்குறைய இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் வந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பட்டம் படித்துவிட்டு வீட்டோடு இருந்தவர்கள், டீச்சர் பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருந்தவர்கள். மாதம் ஆயிரம் ரூபாய். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தங்கள் வீட்டு வாசலைக் கூட்டி, பாய் விரித்து, இருபது பிள்ளைகளை உட்காரவைத்துக் கதை சொன்னார்கள், எழுத்துக் கூட்டிப் படிக்கவைத்தார்கள். இது நம் ஊர்ப் பெண்கள் செய்தது. பள்ளி மூடிய முதல் மாதத்திலேயே நாமாகக் கூடிப் பேசியிருந்தால் இதில் பாதியையாவது தொடங்கியிருக்க முடியும். வாசலும் பாயும் அப்போதும் இருந்தன, படித்த பெண்ணும் இருந்தாள். திட்டம் வந்த பிறகாவது துணை நின்றோமா என்றால், பிள்ளையை அனுப்பியதோடு சரி. ஒரு பல்பு மாட்டிக் கொடுத்தவர்கள் குறைவு. "ஆயிரம் ரூபாய்க்கு இவ்வளவு அலட்டலா" என்று பேசியவர்கள் அதிகம். பிறகு மையங்கள் குறைந்தன. நம் தெரு மையம் என்றைக்கு நின்றது என்று இப்போது கேட்டால் யாருக்கும் நினைவில்லை.

2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் படிக்க, எழுத, கணக்குப் போடப் பழக வேண்டும் என்பது நோக்கம். டீச்சர்கள் பொம்மையும் முகமூடியும் கட்டிக்கொண்டு பாடம் நடத்தினார்கள். வீட்டில் நாம் கேட்டது ஒரே கேள்வி: "ஹோம்ஒர்க் ஏன் இல்ல?"

ஊரடங்கு ஆண்டில், 2020இல், முதல் வகுப்பில் பெயர் பதிந்த பிள்ளை பள்ளிக்கூடத்து வாசலை முதன்முதலாகத் தாண்டியபோது இரண்டாம் வகுப்பில் இருந்தது. 2025 ஜூனில் அது ஆறாம் வகுப்புக்கு, வேறு பள்ளிக்கு, போய்விட்டது. தொடக்கப் பள்ளியில் அதற்கு நாம் பட்ட கடனைத் தீர்க்கிற அவகாசம் முடிந்துவிட்டது என்று சொல்லத் தோன்றும். அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் கூடாது. அந்தப் பிள்ளை இன்னும் நம் தெருவில்தான் இருக்கிறது. சாயங்காலம் கூப்பிட்டு ஒரு பக்கம் படிக்கச் சொன்னால் தடுமாறுகிறதா இல்லையா என்று பத்து நிமிஷத்தில் தெரியும். தடுமாறினால் கிண்டல் செய்யாமல் பக்கத்தில் உட்கார ஒருவர் வேண்டும். அதற்கு பி.எட். தேவையில்லை.

ஆண்டுவிழா நாளில் கல்விச் சீர் என்று ஃபேன், பீரோ, குடம் எல்லாம் தாம்பாளத்தில் வைத்து மேளத்தோடு பள்ளிக்கு ஊர்வலம் போகிறோம். நல்ல வழக்கம், விட்டுவிடக் கூடாது. ஆனால் வருஷத்துக்கு ஒருநாள் பள்ளிக்குள் போகிறவர்களுக்கு அங்கே என்ன நடக்கிறது என்று தெரியாது. அதற்காகத்தான் சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி மூடிக்கிடந்த நாட்களிலும் அந்தக் குழு காகிதத்தில் உயிரோடுதான் இருந்தது. கூடி ஒரு தீர்மானம் போட்டு, எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில், இந்த நேரத்தில் வகுப்பு நடத்தித் தாருங்கள், பொறுப்பு எங்களுடையது என்று எழுதிக் கொடுக்க அதற்கு உரிமை இருந்தது. நாம் அந்த உரிமையை என்ன செய்தோம் என்றால், தீர்மானப் புத்தகம் வீட்டுக்கு வந்தபோது எதுவும் படிக்காமல் வாசலில் நின்றபடி கையெழுத்துப் போட்டு அனுப்பினோம். பேனாவையும் கொண்டுவந்தவரிடமே வாங்கினோம்.

2022 மார்ச் 20 அன்று மாநிலம் முழுக்கப் பெற்றோரைக் கூப்பிட்டுக் கூட்டம் நடத்தி, அதன் பிறகு குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். கூட்டமும் முறையாக நடக்கத் தொடங்கியது. ஆனால் வருகிறவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள். வேலையை அரைநாள் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, கழிப்பறைக் கதவைப் பற்றியும் குடிதண்ணீரைப் பற்றியும் பேசுகிறார்கள். அப்பாக்களைக் காணோம். ஊரில் எல்லாக் கூட்டத்திலும் முன்வரிசையில் உட்காருகிற நாம் இந்தக் கூட்டத்துக்கு மட்டும் வீட்டுப் பெண்ணை அனுப்பிவிட்டோம். போகிற அம்மாக்களிடம் வந்ததும் என்ன பேசினீர்கள் என்றாவது கேட்கலாம். அதுவும் இல்லை.

அடுத்த கூட்டம் என்றைக்கு என்று தலைமையாசிரியரிடம் இந்த வாரமே கேளுங்கள். போங்கள். குழுவில் பெயர் இல்லாவிட்டாலும் போய் ஓரமாக உட்காருங்கள், யாரும் எழுப்ப மாட்டார்கள். போனதும் முதலில் வருகைப் பதிவேட்டைக் கேளுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் வராத பிள்ளை யார், எந்தத் தெரு என்று எழுதிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது நேராக வீட்டுக்குப் போகாமல் அந்தத் தெரு வழியாகப் போங்கள்.